விட்டுக்கொடுத்த சீட்டு

கிணத்துக்கடவு
11 ஜூன் 2025

தம்பி செல்வாவுக்கு,

நலம் விசாரிக்க இன்றைக்குக் கை வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. நேராகவே கேட்கிறேன். இந்த மாதக் குலுக்கல் சீட்டு உன் பெயருக்கு விழுந்ததா, இல்லையா?

விழுந்தது என்று துளசிமணி வாயிலிருந்துதான் தெரிந்தது. பாவம், உன் பெண்டாட்டி கோள் சொல்ல வரவில்லை. நேற்றுப் போனில் பேசிக்கொண்டிருந்தவள், "சீட்டு உழுந்தும் பணம் ஊட்டுக்கு வர்லீங்க அண்ணி. சிக்கந்தர் அண்ணனுக்கு உட்டுக் குடுத்துப்போட்டாருங்க" என்றாள். எங்கள் வீட்டில் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான் கிடக்கும். பக்கத்தில் என் மாமியார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அவர் தலையைத் தூக்குவதற்குள், "செரி கண்ணு, பாப்பாளுக்குச் சளி எப்படியிருக்குது?" என்று பேச்சை மாற்றினேன்.

அதனால்தான் கடிதம். பதிலை நான் சமைக்கிற பள்ளிக்கூட முகவரிக்குப் போடு. சத்துணவுக் கூடம், அன்புக்கரசி என்று எழுதினால் போதும், தலைமையாசிரியை கொடுத்துவிடுவார்.

தை மாதத்தில் லேத் மிஷினுக்குத் தவணை கட்ட வழியில்லை, தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று என் முன்னால் வந்து நின்றாய். என் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று வருசம் நூல் மில்லில் பஞ்சு தின்று சேர்த்த அஞ்சு பவுன் அது. அதற்கு முன்னால் உனக்குக் கொடுத்ததே திரும்பவில்லை என்று உன் மாமா முணுமுணுத்துக்கொண்டிருந்த சமயம். கேட்டால் வேண்டாம் என்பார் என்று கேட்காமலேயே கொடுத்தேன். அவருக்கு இன்றுவரை தெரியாது. பொள்ளாச்சியில் அதே மாதிரி ஒரு கவரிங் சங்கிலி வாங்கிப் போட்டுக்கொண்டு நடமாடுகிறேன். "சீட்டு உழுந்த அன்னைக்கே அடகுக்கடையில இருந்து மீட்டுத் தாரேன்க்கா" என்று சொன்னவன் நீதான்.

ஆவணி பத்தொன்பதில் என் நாத்தனார் சண்முகப்ரியாவுக்குக் கல்யாணம். கொடுமுடி மாப்பிள்ளை. அத்தனை சனத்துக்கு நடுவில், மணவறையில், பெண்ணுக்குப் பக்கத்தில் நான் நிற்க வேண்டும். அங்கே வருகிற பெண்களுக்குக் கவரிங்கைக் கண்டுபிடிக்க உரைகல் வேண்டியதில்லை, பார்த்தாலே போதும்.

கடன்காரனுக்குத் தாராளம் எதற்கடா? நீ விட்டுக்கொடுத்தது உன் சீட்டு இல்லை. என் கழுத்து.

அக்கா
அன்புக்கரசி


கணபதி, கோவை
16 ஜூன் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. பட்டறையிலேயே நின்றபடி படித்தேன். துளசிமணியிடம் காட்டவில்லை. அவள் ஏற்கனவே இரண்டு வாரமாகக் கரண்டியைத் தட்டில் இடித்துத்தான் எனக்குச் சோறு போடுகிறாள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீதிப் பட்டறைக்காரர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து போடுகிற சீட்டு இது. மாதத்தில் முதல் ஞாயிறு எல்லாரும் டீக்கடையில் கூடுவோம். மிச்சமிருக்கும் பெயர்களைச் சுருட்டி ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கி, டீக்கடைக்காரர் ஒன்றை எடுப்பார். அந்தப் பெயர்க்காரருக்கு அந்த மாதப் பணம் முழுவதும். ஜூன் ஒன்றாம் தேதி என் பெயர் வந்தது. நான் எழுந்து நின்றேவிட்டேன் அக்கா. உன் முகம்தான் முதலில் ஞாபகம் வந்தது, சத்தியமாக.

பக்கத்து டிரில்லிங் பட்டறை சிக்கந்தர் அண்ணன்தான் முதலில் முதுகில் தட்டினார். "இன்னைக்கு டீ செலவு உங்களுது" என்று சிரித்தார். அவர் மகள் சமீராவுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. மறுநாள் பணம் கட்டக் கடைசி நாள். அவர் கேட்காத இடமில்லை என்று வீதிக்கே தெரியும். என்னிடம் மட்டும் கேட்கவில்லை, நான் தவணையில் தத்தளிக்கிறவன் என்று. அப்படிப்பட்ட ஆள் சிரித்துக்கொண்டே என் முதுகில் தட்டினால் நான் என்ன செய்வேன்? கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன். கேட்கவில்லையே.

பேச்சு இதுதான். இனி சொம்பில் இருக்கிற அவர் பெயர் எப்போது விழுகிறதோ, அந்தப் பணம் எனக்கு. ஆறு பெயர் மிச்சம். கல்யாணத்துக்கு முன்னால் ஜூலையிலும் ஆகஸ்டிலும் இரண்டு குலுக்கல் இருக்கிறது. விழுந்துவிடும்.

நான் ஊதாரி இல்லை அக்கா. பைக்கை விற்றுத்தான் அடகுக்கடை வட்டி கட்டிக்கொண்டு வருகிறேன். பட்டறைக்கு நடந்துதான் போகிறேன். டீயைக்கூட விட்டுவிட்டேன், அன்றைக்கு அந்தப் பன்னிரண்டு டீயைத் தவிர.

தம்பி
தமிழ்ச்செல்வன்


கிணத்துக்கடவு
25 ஜூன் 2025

செல்வா,

பன்னிரண்டு டீயா? உன்னை என்ன சொல்லி வைவது என்றே தெரியவில்லை.

"விழுந்துவிடும்" என்று எழுதியிருக்கிறாய். ஆறு பெயரில் ஒரு பெயர். அதை நம்பி நான் இங்கே சோறு தின்ன வேண்டுமா? பள்ளிக்கூடத்தில் சாம்பாருக்குத் தாளிக்கும்போதுகூட இதே நினைப்புதான். நேற்று உப்பை இரண்டு தரம் போட்டுவிட்டேன். "அன்புக்கரசி, ஒடம்புக்கு முடியலியா?" என்று தலைமையாசிரியை கேட்டார். உன் கடிதத்தைக் கொடுக்கும்போது, "இந்தக் காலத்துல இப்படிப் பாசமா லெட்டர் போடற தம்பியா!" என்று வேறு மெச்சிக்கொண்டார். நான் பல்லைக் காட்டிவிட்டு வாங்கிக்கொண்டேன்.

கவரிங் கறுக்க ஆரம்பித்துவிட்டது. வேர்வை பட்டுப் பட்டுக் கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம். மஞ்சளைத் தேய்த்து மறைக்கிறேன். முந்தாநாள் மாமா டெம்போவில் தேங்காய் லோடு கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்து உட்கார்ந்தவர், "கழுத்துல என்ன அம்மணி, கருப்படிச்சுக் கெடக்குது?" என்றார். "வேக்காடுங்க" என்றேன். "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துரு" என்று கையில் காசு கொடுத்தார். அதை வாங்கும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், கசந்தாலும் படி. உனக்குக் கொடுக்கத் தெரியும், கேட்கத் தெரியாது. கொடுத்தால் வீதியில் பெரிய மனுசன். கேட்டால் சின்னவனாகிவிடுவாய் என்று பயம். அந்தப் பன்னிரண்டு பேரிடம், "அக்கா நகைய மீட்கோணும், இந்த மாசம் எனக்குக் குடுங்க" என்று நீ ஒரு நாளாவது வாய் திறந்திருப்பாயா? மாட்டாய். என்னிடம் மட்டும் கேட்பாய், நான் வெளியே சொல்ல மாட்டேன் என்று.

சமீரா கல்லூரியில் சேர்ந்துவிட்டாளா? கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன்.

அக்கா


கணபதி
7 ஜூலை 2025

அக்கா,

நேற்றுக் குலுக்கினார்கள். சிக்கந்தர் அண்ணன் பெயர் விழவில்லை. வார்ப்புப் பட்டறை சீனிவாசலு நாயுடுவுக்கு விழுந்தது. அவருக்கு ஒரு அவசரமும் இல்லை. "ஊட்டுல பிரிட்ஜ் கேட்டுட்டே இருக்கறாங்க, வாங்கிரலாம்" என்றார். நான் அவருக்கு எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தேன். "நல்ல கம்பெனியாப் பார்த்து வாங்குங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

நீ எழுதியது சரிதான்.

சமீரா சேர்ந்துவிட்டாள். வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு பட்டறைக்கு வந்து காட்டிவிட்டுப் போனாள். ஆகஸ்ட் மூன்றாம் தேதிக் குலுக்கல் ஒன்று இருக்கிறது. அதுவரை பொறுத்துக்கொள். எனக்கும் தூக்கம் சரியில்லை.

செல்வன்


கிணத்துக்கடவு
19 ஜூலை 2025

செல்வா,

தலையில் கல்லைத் தூக்கிப் போட்டுக்கொண்டேன். நானேதான் போட்டுக்கொண்டேன், உன்மேல் பழி இல்லை.

நேற்றுக் காலையில் மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கூப்பிட்டவர் துண்டை மடித்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "ப்ரியாளுக்கு ரண்டு வளையலும் தோடும்தான் தேறியிருக்குது. மாப்பிள்ள ஊட்டுல ஒண்ணுங் கேட்கல. ஆனாலும் வெறுங் கழுத்தோட அனுப்ப எனக்கு மனசு வர்ல. உன்ற சங்கிலியப் போட்டு அனுப்பினா, அடுத்த வருசம் உனக்கு நான் செஞ்சு தாரேன். உனக்கு மனசிருந்தா மட்டும் அம்மணி."

கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அவர் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. ப்ரியாவும் யாரோ இல்லை. நான் இந்த வீட்டுக்கு வந்தபோது மூக்கொழுகிக்கொண்டு என் முந்தானையைப் பிடித்துத் திரிந்தவள். பத்தாவது முடிக்கிறவரை நான்தான் தலை பின்னிவிட்டேன். அவர் கேட்டு முடிப்பதற்குள், "அதுக்கென்னங்க, போட்டு அனுப்புங்க. அவ எனக்கு மக மாதிரிதானுங்க" என்று சொல்லிப்போட்டேன்.

சொன்ன பிறகுதான் என் கழுத்தில் கிடப்பது என்னவென்று ஞாபகம் வந்தது!

அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கண் கலங்கிவிட்டது மனுசனுக்கு. உன்னை அத்தனை ஏசினேனே, இல்லாத பொருளைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தவள் நானாகிப் போனேன். ஒரே வயிற்றுப் பிறப்பு, வேறு எப்படியிருக்கும்.

சிரிக்காதே. இது என் மானத்தோடு போகிற காரியம் இல்லை இனி. இந்தக் கவரிங்கைத் தங்கம் என்று போட்டுக்கொண்டு அவள் கொடுமுடி போனால், நாளைக்கு ஒரு அவசரத்துக்கு அவர்கள் அதை அடகுக்கடைக்குக் கொண்டு போனால், யாரைக் கேட்பார்கள்? அந்தப் பெண்ணைத்தான் கேட்பார்கள். அவள் வாழ்க்கை என்னாகும்? ஆவணி பிறந்ததும் அவள் கழுத்தில் போடுவதாகப் பேச்சு. எனக்குப் பயமாக இருக்கிறது செல்வா. என்ன செய்யட்டும், சொல்.

அக்கா


கணபதி
25 ஜூலை 2025

அக்கா,

உடனே பஸ் ஏறி வந்து மாமா காலில் விழலாம் என்று சட்டையை மாட்டிவிட்டேன். துளசிமணிதான் நிறுத்தினாள். "நீங்க போய்ச் சொன்னா, அண்ணி சொல்லாம மறைச்சது இன்னும் பெருசாத் தெரியுமுங்க. அவங்களே சொல்லட்டும், இல்லாட்டி நகை அங்க போய்ச் சேரட்டும்" என்றாள். அவள் கையிலிருந்த இரண்டு மோதிரத்தையும் கழற்றி வைத்துவிட்டாள். அடகுக்கடையில் விசாரித்தேன். அதை வைத்துக் கால்வாசிகூடத் தேறாது.

சிக்கந்தர் அண்ணனிடம் முழுக்கதையையும் சொன்னேன். அந்தச் சீட்டு எதற்காகக் காத்திருந்தது என்று அவருக்கு இதுவரை தெரியாது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, "காலேஜுல போய்ப் பணத்தத் திருப்பிக் கேட்டுட்டு வாரேன்" என்று கிளம்பினார். வாசல்வரை ஓடிப்போய்ப் பிடித்து இழுத்து வந்தேன். அந்தப் பெண் மூன்று வாரமாகக் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருக்கிறாள் அக்கா. அதை எப்படி விடுவது?

மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை நான் கேட்கப் போகிறேன். குலுக்குவதற்கு முன்னால், எல்லார் முன்னாலும். இதை எழுதும்போதே காது சுடுகிறது. இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

அதுவரை மாமாவிடம் சொல்லாதே. ஒரே ஒரு ஞாயிறு.

செல்வன்


கிணத்துக்கடவு
4 ஆகஸ்ட் 2025

செல்வா,

சொல்லிவிட்டேன்.

நேற்று ஆடிப்பெருக்குக்குக் கொடுமுடி போனோம். நீ எழுதியது மனசில் இருந்தது. மத்தியானம் வரைக்கும் வாயைக் கட்டிக்கொண்டுதான் இருந்தேன். ஆற்றங்கரையில் மாப்பிள்ளையின் அம்மாவும் வந்திருந்தார். நல்ல மனுசி. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏனுங் அம்மணி, உங்க கழுத்துச் சங்கிலியவே ப்ரியாளுக்குப் போடறீங்களாமா? உங்க ஊட்டுக்காரரு சொல்லிச் சொல்லி மாளல. எந்த நாத்தனாளுக்கு எந்த அண்ணி கழட்டிக் குடுப்பாங்க?" என்று சங்கிலியைத் தொட்டுப் பார்த்தார். அவர் விரல் பட்ட இடத்தில் சங்கிலி கறுத்திருந்தது. அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை. பக்கத்தில் ப்ரியா சிரித்துக்கொண்டு நின்றாள். இதற்கு மேல் முடியாது என்று ஆகிவிட்டது.

மாமாவை அரச மரத்தடிக்குக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். தை மாதத்தில் கொடுத்தது, அடகு, கவரிங், உன் சீட்டு, சிக்கந்தர், எல்லாம். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நகை போனா போவுது. நான் ஊரெல்லாம் சொல்லிப்போட்டனே அம்மணி, என்ற ஊட்டுக்காரி ரோசன பண்ணாமக் குடுத்தான்னு" என்றார். அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியவில்லை எனக்கு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடமிருந்தும் என் பக்கத்தில் உட்காரவில்லை. இன்று காலையில் சாப்பிடாமலே லோடுக்குப் போய்விட்டார். ப்ரியாவுக்கும் மாமியாருக்கும் இன்னும் தெரியாது. என்ன ஆகுமோ. கொடுத்த சொல்லைத் திருப்பி வாங்குவதைவிடக் கேவலம் வேறில்லை செல்வா.

அக்கா


கணபதி
4 ஆகஸ்ட் 2025

அக்கா,

கிடைத்துவிட்டது! சங்கிலி என் கையில் இருக்கிறது. இன்று காலையில் கடை திறந்ததும் மீட்டுவிட்டேன். மாமாவிடம் எதையும் சொல்லிவிடாதே, புதன்கிழமை நானே கொண்டுவந்து பள்ளிக்கூடத்தில் கொடுக்கிறேன். யாருக்கும் தெரிய வேண்டாம்.

நேற்று நடந்ததைக் கேள். எல்லாரும் உட்கார்ந்ததும் எழுந்து நின்றேன். "எங்கக்கா நகைய அடகு வெச்சுருக்கறேனுங்க. கல்யாணத்துக்கு வேணுமுங்க. இந்த மாசப் பணத்த எனக்குக் குடுத்தீங்கன்னா..." என்றேன். முடிக்கவில்லை. சீனிவாசலு நாயுடுதான், "போன மாசமே சொல்றதுக்கென்ன? பிரிட்ஜா முக்கியம்? ஆனா ஆளாளுக்குக் கேட்டா அப்பறம் சொம்பு எதுக்கு? குலுக்கித்தான் எடுக்கோணும்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான். சிக்கந்தர் அண்ணன் தலையைத் தூக்கவே இல்லை.

குலுக்கினார்கள். ரிஃபத் பெயர் வந்தது. பாலிஷ் பட்டறைக்காரர். வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லி, புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க இந்தப் பணத்துக்காகக் காத்திருந்தவர். அவர் அந்தத் துண்டுக் காகிதத்தை விரித்துப் பார்த்தார், மடித்தார், மறுபடி விரித்தார். பிறகு என் பக்கம் தள்ளிவிட்டு, "கேட்டுட்டீங்க. கேட்டதுக்கப்பறம் நான் எப்படிங்க எடுத்துட்டுப் போறது?" என்றார்.

இனி சிக்கந்தர் அண்ணன் பெயர் விழுந்தால் அது ரிஃபத்துக்கு. வீடு கிடைக்கிறவரை அவர் குடும்பம் எங்கள் பட்டறை மாடி அறையில் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். வாடகை இல்லை. துளசிமணியின் கரண்டிச் சத்தம் மட்டும் கேட்கிறது.

மறுபடி சொல்கிறேன், மாமாவிடம் வாயைத் திறக்காதே.

உன் தம்பி
செல்வன்


கிணத்துக்கடவு
18 ஆகஸ்ட் 2025

செல்வா,

உன் கடிதமும் நீயும் புதன்கிழமை ஒன்றாகத்தான் வந்து சேர்ந்தீர்கள். நான் மூன்று நாள் பொறுத்திருந்தால் என்று ஒரு வாரம் தலையில் அடித்துக்கொண்டேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

நான் எல்லாம் சொல்லியாகிவிட்டது என்று கேட்டதும் நீ வீட்டுக்கே வந்து சங்கிலியை மாமா கையில் கொடுத்தாயே, அதற்கு உனக்கு ஒரு கும்பிடு. அவர் "வாங்க மாப்ள, சாப்புட்டுட்டுப் போங்க" என்பதற்கு மேல் ஒரு சொல் பேசவில்லை. நீ இலையிலிருந்து நிமிரவே இல்லை. நீ பஸ் ஏறிய பிறகுதான் பேசினார். சங்கிலியைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, "இது நீ மில்லுல சேத்துனது. உன்ற கழுத்துலயே கெடக்கட்டும். ப்ரியாளுக்கு நான் வேற பார்த்துக்கறேன்" என்றார். வேறு பார்ப்பது என்றால் டெம்போ முதலாளியிடம் போய்க் கடனுக்கு நிற்பது. அதோடு பேச்சு நின்றது. சோறு போட்டால் சாப்பிடுவார், கேட்டால் தலையை ஆட்டுவார். வீட்டில் மாமியாரும் ப்ரியாவும் எங்கள் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் அவர்களிடமும் நானே சொன்னேன்.

சங்கிலியை நான் எடுத்துப் போடவில்லை. அதற்காக எத்தனை அழுதேன், அது கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிறது, கை போகவில்லை. அன்றைக்கு "போட்டு அனுப்புங்க" என்று நான் சொன்னது நடிப்பில்லை செல்வா. கையில்தான் ஒன்றும் இல்லை, மனசில் இருந்தது. இப்போது கையில் இருக்கிறது. மனசு மட்டும் எங்கே போய்விடும் என்று யோசித்தேன்.

நேற்று ஆவணி ஒண்ணு. யாரும் கேட்கவில்லை. ப்ரியாவைக் கூப்பிட்டு மணையில் உட்கார வைத்து நானே அவள் கழுத்தில் பூட்டிவிட்டேன். "அய்யோ வேண்டாங்க அண்ணி, அண்ணன் வைவாருங்க" என்று என் கையைப் பிடித்தாள். "சும்மா இரு புள்ள" என்று ஒரு அதட்டு போட்டேன். பெரிய மனசு என்று எழுதி என்னை ஏமாற்றாதே. கொக்கியை மாட்டும்போதுகூட, மூன்று வருசம் இருமிய இருமலெல்லாம் ஞாபகம் வந்தது. வயிறு எரியத்தான் எரிந்தது. ஆனாலும் கொடுத்துவிட்டேன்.

மாமா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே வண்டியை எடுத்துக்கொண்டு போனவர், பொழுது இறங்கியும் வரவில்லை. கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ, முதலாளியிடம் கடனுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டாரோ என்று வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தே கால் ஓய்ந்துவிட்டது.

இதனால் உன் கடன் தீர்ந்தது என்று நினைத்துவிடாதே. சங்கிலி ப்ரியாவுக்குப் போனது என் கணக்கு. ஆனால் சீட்டுக்கு மாதா மாதம் நீ கட்ட வேண்டியது, மிஷின் தவணை, ரிஃபத்துக்குப் பட்ட நன்றி, எல்லாம் உன் கணக்கு. ஒரு மாதம் தவறினாலும் நான் கணபதிக்கே வந்து நிற்பேன். மாடி அறையில் ரிஃபத் பெண்டாட்டிக்குத் தண்ணீர் வசதி இருக்கிறதா, பார். துளசிமணி மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாயா?

மாமா விளக்கு வைத்த பிறகு வந்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து அடுப்பு மேடையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். பிரித்தேன். பொள்ளாச்சிக் கடை. புதுக் கவரிங் சங்கிலி.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "பழச வீசிப்போடு அம்மணி, தோலைக் கருக்குது. இது ஒரு வருசத்துக்குக் கருக்காதாமா. கேட்டுத்தான் வாங்கினேன்."

கல்யாணத்துக்கு இதைப் போட்டுக்கொண்டுதான் மணவறையில் நிற்கப் போகிறேன். நீங்கள் இரண்டு பேரும் பாப்பாளைக் கூட்டிக்கொண்டு முதல் நாளே வந்துவிடுங்கள். பந்தியில் பரிமாற ஆள் பற்றாது.

அக்கா
அன்புக்கரசி